கேள்வி – பதில்: ஆடியவரே ஆட்டுவிக்கும்போது

சென்ற இதழின் விளையாட்டுப் பக்கத்தில், கனடாவின் அபட்ஸ்ஃபோர்ட் கனக்ஸ் ஐஸ் ஹாக்கி அணி 2025 ஜூன் மாதம் வட அமெரிக்காவின் இரண்டாம் நிலை லீக்குக்கு உரிய கால்டர் கோப்பையை வென்றதையும், அதன் தலைமைப் பயிற்சியாளர் மானி மல்ஹோத்ரா இந்திய வம்சாவளியைச் சேர்ந்த முன்னாள் ஆட்டக்காரர் என்பதையும் சிறு குறிப்பாக வெளியிட்டிருந்தோம். அதைப் படித்துவிட்டு எழுதியவர்களில் பலரும் ஆட்டக்காரர் ஒருவர் பயிற்சியாளராக மாறுவது குறித்தே கேட்டிருப்பதால், இம்முறை இப்பகுதி முழுவதும் அதற்கே ஒதுக்கப்படுகிறது.

கேள்வி: என் மகள் வீட்டுப் பேரன் மிஸிசாகாவில் படிக்கிறான். மல்ஹோத்ரா தங்கள் ஊர்க்காரர் என்று அவனுக்கு ஒரே பெருமை. இணையத்தில் பார்த்தால், 991 ஆட்டங்களில் 116 கோல்தான் அடித்திருக்கிறார். இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது?
– ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், காரைக்குடி

பதில்: ஊர்ப் பெருமையைப் பொறுத்தவரை நியாயம் உங்கள் பேரன் பக்கம்தான். மல்ஹோத்ரா 1980ஆம் ஆண்டு பிறந்தது அதே மிஸிசாகாவில். தந்தை இந்திய வம்சாவளி வேதியியல் ஆய்வாளர், தாய் பிரெஞ்சுக் கனடியர். என்.எச்.எல். எனப்படும் வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில் அவருக்கு முன் ஆடிய இந்திய வம்சாவளியினர் ஒருவரே. 1989இல் வாஷிங்டன் அணிக்காகக் களமிறங்கிய ராபின் பாவா என்ற அவருக்கு அந்த லீக்கில் வாய்த்தவை மொத்தம் 61 ஆட்டங்கள். அந்தக் கணக்கோடு வைத்துப் பார்த்தால் 991 என்பது எளிய எண் அன்று.

கோல் கணக்கு குறைவு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குறைவுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1998ஆம் ஆண்டு இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில் நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணி அவரை ஏழாவது இடத்திலேயே எடுத்துக்கொண்டது. பதினெட்டு வயதில் பெரிய லீக்கில் ஆடத் தொடங்கினார். அப்போது அதே அணியில் தம் கடைசிப் பருவத்தை ஆடிக்கொண்டிருந்தவர் கோல் கணக்கில் பேர்பெற்ற வெய்ன் கிரெட்ஸ்கி. அவ்வளவு முன்னால் எடுக்கப்படும் இளைஞரிடம் அணியும் ரசிகர்களும் எதிர்பார்ப்பது கோல்களைத்தான். நியூயார்க்கில் அது கைகூடவில்லை. மேலே சில ஆட்டம், கீழ்நிலை லீக்கில் சில ஆட்டம் என்று அலைக்கழிந்தார். 2000ஆம் ஆண்டு ஹார்ட்ஃபோர்ட் அணிக்காக ஆடி அதே கால்டர் கோப்பையை ஆட்டக்காரராக வென்றது அந்த அலைச்சலில் கிடைத்த ஆறுதல். பிறகு டல்லாஸ், கொலம்பஸ், சான் ஹோசே, வான்கூவர், கரோலினா, மான்ட்ரியால் என்று அணிகள் மாறின.

இப்படிக் கோல் அடிப்பவராக எடுக்கப்பட்டு அப்படி ஆக முடியாமல் போனவர்களில் பெரும்பாலோர் மூன்று நான்கு ஆண்டுகளில் காணாமல் போய்விடுவார்கள். மல்ஹோத்ரா பதினாறு பருவங்கள் தாக்குப்பிடித்ததற்குக் காரணம், தம்மை வேறு எந்த வேலைக்கு அணி நாடும் என்று பார்த்து, எதிரணியின் சிறந்த தாக்குதல் வரிசையைத் தடுப்பது, ஆட்ட மறுதொடக்கத்தில் 'பக்'கை (பந்துக்குப் பதிலான ரப்பர் வில்லையை) கைப்பற்றுவது ஆகிய இரண்டிலும் தேர்ச்சி பெற்றதுதான். கோல் பட்டியலில் ஏறாத இந்த வேலைகளைக் கற்ற காலமே அவருடைய பயிற்சியாளர் படிப்பின் தொடக்கம் என்பது என் கணிப்பு.

கேள்வி: பிராம்டனில் இருக்கும் என் பேரனுக்குப் பதின்மூன்று வயது. ஐஸ் ஹாக்கி ஆடுகிறான். அவனுடைய கோச் கோல் அடிக்கச் சொல்லித்தராமல், நடுவர் நடுவில் பந்தைப் போடும்போது குனிந்து நின்று தட்டி எடுப்பதையே திரும்பத் திரும்பச் செய்யச் சொல்கிறாராம். வீடியோ காலில் வந்தால் இதே முறையீடுதான். அதில் அப்படி என்ன இருக்கிறது?
– ஓர் அப்பத்தா, தேவகோட்டை

பதில்: அப்பத்தா அவர்களுக்கு வணக்கம். தங்கள் பேரனுக்கு நல்ல கோச் வாய்த்திருக்கிறார் என்றே தோன்றுகிறது. நடுவர் போடுவது பந்து அன்று, 'பக்' எனப்படும் கெட்டி ரப்பர் வில்லை. மூன்று அங்குல விட்டமும் ஓர் அங்குலக் கனமும் உடையது. ஆட்டம் நின்று மறுபடி தொடங்கும்போதெல்லாம், தளத்தில் குறிக்கப்பட்ட ஒன்பது புள்ளிகளுள் ஒன்றில், இரு அணியிலிருந்தும் ஒவ்வொருவர் எதிரெதிரே குனிந்து நிற்க, நடுவர் பக்கை அவர்களுக்கு இடையில் போடுவார். 'ஃபேஸ்-ஆஃப்' என்னும் இது ஓர் ஆட்டத்தில் ஏறத்தாழ அறுபது முறை நடக்கிறது.

பார்ப்பதற்கு இரண்டு பேர் மட்டையைத் தட்டிக்கொள்வது போலத்தான் இருக்கும். அருகில் போய்ப் பார்த்தால், ஆட்டக்காரர் கால்களை அகட்டி, இடுப்பைத் தாழ்த்தி, கீழ்க்கையை மட்டையின் அலகுக்குப் பக்கத்தில் இறக்கிப் பிடித்திருப்பது தெரியும். அவருடைய பார்வை பக்கைப் பிடித்திருக்கும் நடுவரின் விரல்களில் நிலைத்திருக்கும். ஓரக்கண் மட்டும் எதிராளியின் பிடியை அளந்துகொண்டிருக்கும். எதிராளி கீழ்க்கையைத் திருப்பிப் பிடித்திருந்தால், பக்கைத் தம் பின்புறமாக இழுக்கப்போகிறார் என்று பொருள். அதற்குள் அவருடைய மட்டையைத் தூக்கிவிடுவதா, மட்டையோடு மட்டையைப் பூட்டிவிட்டுக் காலால் பக்கைப் பின்னால் தள்ளுவதா, ஓரத்தில் நிற்கும் தோழனுக்கு விட்டுவிடுவதா என்பதைக் கண் இமைக்கும் நேரத்தில் முடிவு செய்ய வேண்டும். அவசரப்பட்டு முந்தினால் நடுவர் அவரை விலக்கிவிட்டு வேறொருவரை நிற்கச் சொல்வார். அதே அணி மறுபடியும் அத்தவறைச் செய்தால் இரண்டு நிமிடத் தண்டனை. கோல் பகுதிகளில் தற்காக்கும் அணியின் ஆட்டக்காரர்தான் முதலில் மட்டையை ஊன்ற வேண்டும் என்ற இன்றைய விதியால், பின்னால் ஊன்றுபவருக்குச் சிறு சாதகமும் உண்டு.

இதனால் விளையும் பயனுக்கு மல்ஹோத்ராவே சாட்சி. 2010–11 பருவத்தில் வான்கூவர் அணியில் ஹென்ரிக், டேனியல் என்னும் செடின் இரட்டையர் இருந்தனர். தாக்குதலில் அவர்களுக்கு நிகரானவர் அப்போது அதிகம் இல்லை. பயிற்சியாளர் அலென் விக்னோ, தம் அணியின் கோலுக்கு அருகில் நடக்கும் ஃபேஸ்-ஆஃப்களுக்கு மல்ஹோத்ராவை அனுப்பி, எதிரணியின் கோலுக்கு அருகில் நடப்பவற்றுக்குச் செடின் சகோதரர்களை இயன்றவரை சேமித்து வைத்தார். மல்ஹோத்ரா அந்தப் பருவத்தில் தாம் நின்ற ஃபேஸ்-ஆஃப்களில் 61 விழுக்காட்டுக்கும் மேல் வென்றார். பாதிக்குப் பாதி வென்றாலே தேவலை என்று கருதப்படும் வேலை இது. டேனியல் செடின் 104 புள்ளிகளோடு (அடித்த கோலும் பிறர் கோலுக்கு உதவியதும் சேர்ந்த கணக்கு) லீக்கின் முதலிடம் பெற்றார். வெளியேற்றுச் சுற்றுக்கு முந்தைய வழக்கப் பருவத்தில் அணியும் முதலிடம் பிடித்தது. புள்ளிப் பட்டியலில் மல்ஹோத்ரா பெயர் எங்கோ கீழே இருந்தது. அடுத்த முறை பேரன் முறையிட்டால், இன்று எதிரில் நின்ற பையன் கீழ்க்கையை எப்படிப் பிடித்திருந்தான் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லத் தெரிந்தால் அவன் கற்றுக்கொண்டிருக்கிறான் என்று வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: எங்கள் ஐயா பர்மாவுக்குப் பெட்டியடிப் பையனாகப் போய், அடுத்தாளாக இருந்து, அதற்குப் பிறகே மேலாளாகக் கடையைப் பார்த்தவர்கள். அந்தக் காலம் வேறு. இத்தனை ஆட்டம் ஆடிய மல்ஹோத்ராவை எடுத்த எடுப்பில் பெரிய அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் ஆக்காமல், இரண்டாம் நிலை லீக்கில் கொண்டுபோய் வைத்தது ஏன்?
– வாசகர், கானாடுகாத்தான்

பதில்: காலம் வேறாக இருந்தாலும் ஏற்பாடு ஏறக்குறைய அதுதான். கடையில் பெட்டியடியில் உட்கார்ந்த பையன் கணக்கை மட்டும் கற்கவில்லை. கடன் கேட்டு வருபவரின் முகத்தைப் படிக்கவும், மேலாள் எதற்குத் தலையசைக்கிறார், எதற்கு மௌனமாக இருக்கிறார் என்று கவனிக்கவும் கற்றான். ஆட்டக்காரராக இருந்தவருக்கும் அப்படி ஒரு கவனிப்புக் காலம் தேவைப்படுகிறது. ஏனெனில் ஆடும்போது அவர் கண்டது தமக்கு முன்னால் நடந்த ஆட்டத்தை மட்டுமே. இருபது பேரின் ஆட்டத்தையும் ஒருசேரப் பார்க்கிற பழக்கம் தானாக வந்துவிடாது.

மல்ஹோத்ரா 2016இல் ஆட்டத்தை முடித்துக்கொண்டு, வான்கூவர் அணியில் இளம் ஆட்டக்காரர்களைத் தேற்றும் பயிற்சியாளராகச் சேர்ந்தார். மறு ஆண்டு உதவிப் பயிற்சியாளரானார். 2020இல் டொரன்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணிக்குப் போய் நான்கு பருவங்கள் உதவிப் பயிற்சியாளராகவே இருந்தார். அங்கே முதல் பருவத்தில் அவர் பொறுப்பில் இருந்தது 'பவர் பிளே', அதாவது எதிரணி ஆட்டக்காரர் தண்டனையில் வெளியே இருக்கும்போது கூடுதல் ஆளோடு தாக்கும் முறை. பருவத்தின் பிற்பகுதியில் அது படுத்துவிட்டது, ரசிகர்கள் கடிந்துகொண்டார்கள், அடுத்த பருவத்தில் அந்தப் பொறுப்பு வேறொருவருக்குப் போயிற்று. வாழ்நாளெல்லாம் தற்காப்பில் பேர் வாங்கியவரிடம் தாக்குதலைக் கொடுத்தது பொருத்தமா என்று கேட்கலாம்; ஆனால் தலைமைப் பயிற்சியாளர் ஆக விரும்புகிறவர் தமக்குப் பழகாத பாதியையும் ஒருமுறை கையில் எடுத்துச் சூடுபட வேண்டியிருக்கிறது.

2024இல்தான் அவர் அபட்ஸ்ஃபோர்ட் அணியின் தலைமைப் பயிற்சியாளரானார். வான்கூவருக்குக் கிழக்கே ஃபிரேசர் பள்ளத்தாக்கில், 1911இல் கட்டப்பட்ட சீக்கியக் கோயிலைத் தேசிய வரலாற்றுச் சின்னமாகக் கொண்ட ஊர் அது. அங்குள்ள அணி அமெரிக்கன் ஹாக்கி லீக்கில், அதாவது என்.எச்.எல்.லுக்கு அடுத்த படியில், வான்கூவரின் வளர்ப்பு அணியாக ஆடுகிறது. அந்த லீக்கில் பயிற்சியாளர் வேலை ஒருவகையில் மேலேயுள்ளதைவிடக் கடினம். பெரிய அணியில் ஒருவருக்குக் காயம் என்றால் உங்கள் சிறந்த ஆட்டக்காரரை அன்றைக்கே கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். மறுநாள் ஆட்டத்தை எஞ்சியவர்களை வைத்து வென்றாக வேண்டும். கீழே அனுப்பப்பட்ட மனக்குறையோடு வருபவருக்கும், எந்நேரமும் மேலே கூப்பிடுவார்கள் என்று காத்திருப்பவருக்கும் ஒரே அறையில் பேச வேண்டும். இந்த இரு நிலைகளிலும் இருந்து பார்த்தவர் மல்ஹோத்ரா.

அவர் தலைமையேற்ற முதல் பருவத்திலேயே, 2025 ஜூன் 23 அன்று, அபட்ஸ்ஃபோர்ட் இறுதிச் சுற்றை 4–2 என்ற ஆட்டக்கணக்கில் முடித்துக் கோப்பையை எடுத்தது. எதிரணி ஷார்லட் செக்கர்ஸ். 2013இல் பெரிய அணிகள் எதுவும் ஒப்பந்தம் தராத நேரத்தில், சோதனை அடிப்படையில் மல்ஹோத்ராவுக்கு ஆட இடம் கொடுத்த அணியும் அதுவே. ஹார்ட்ஃபோர்டில் ஆட்டக்காரராக வென்ற கோப்பையை இருபத்தைந்து ஆண்டு கழித்துப் பயிற்சியாளராக வென்றிருக்கிறார். அதற்குச் சில வாரங்களுக்கு முன்பு வான்கூவரின் தலைமைப் பயிற்சியாளர் இடம் காலியாகி, அது என்.எச்.எல். சாம்பியனுக்கு உரிய ஸ்டான்லி கோப்பையை இருமுறை வென்ற முன்னாள் ஆட்டக்காரரான ஆடம் ஃபூட்டுக்குக் கொடுக்கப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

கேள்வி: பயிற்சியாளர்கள் எல்லோரும் கோட்டும் டையும் அணிந்து நிற்கிறார்களே, விதியா?
– மாணவி, புதுவயல்

பதில்: வழக்கம்தான். புதுவயல் வெயிலில் இருந்து பார்த்தால் பாவமாகத் தோன்றும். பனித்தளத்தின் ஓரத்தில் இரண்டரை மணி நேரம் நிற்பவருக்குக் கோட்டு வசதியே.

கேள்வி: மிகச் சிறந்த ஆட்டக்காரர்கள் நல்ல பயிற்சியாளர்களாக இருப்பதில்லை என்று எங்கள் வகுப்பில் ஒரு வாதம் நடந்தது. கிரெட்ஸ்கியை உதாரணம் காட்டினார்கள். உண்மையா?
– உடற்கல்வியியல் மாணவர், அழகப்பா பல்கலைக்கழகம், காரைக்குடி

பதில்: கிரெட்ஸ்கி நல்ல உதாரணம்தான், அதிலிருந்து நீங்கள் எடுத்த முடிவுதான் தவறு. 894 கோல்களும் 2,857 புள்ளிகளும் எடுத்த அவர், 2005 முதல் 2009 வரை நான்கு பருவங்கள் ஃபீனிக்ஸ் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக இருந்து ஒருமுறைகூட அணியை வெளியேற்றுச் சுற்றுக்குக் கொண்டுபோகவில்லை. இதற்கு எல்லோரும் சொல்லும் காரணம், அவருக்கு இயல்பாக வந்ததை மற்றவர்க்கு விளக்க முடியவில்லை என்பது. இருக்கலாம். ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது வேறு: அவர் அதற்கு முன் எந்த அணிக்கும் உதவிப் பயிற்சியாளராகக்கூட இருந்ததில்லை. முதல் நாளே மேலே உட்காரவைத்தார்கள்.

அவருக்கு எதிரில் மான்ட்ரியாலின் ஜாக் லெமேரை வையுங்கள். ஆட்டக்காரராக எட்டு ஸ்டான்லி கோப்பைகள்; 1977, 1979 ஆகிய இரு ஆண்டுகளிலும் கோப்பையை உறுதிசெய்த கோல் அவருடையது. இவரும் நட்சத்திரம்தான். 1979இல் விலகியவர் நேராகப் பெரிய பெஞ்சுக்குப் பின்னால் போய் நிற்கவில்லை. சுவிட்சர்லாந்தின் சியேர் என்ற சிற்றூரில் ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் இருந்து, பிறகு அமெரிக்கக் கல்லூரி அணி ஒன்றிலும், கியூபெக் மாநில இளையோர் அணியிலும் பணியாற்றிய பின்பே என்.எச்.எல்.லுக்கு வந்தார். 1995இல் நியூஜெர்சி அணியைக் கொண்டு, டெட்ராய்டை ஓர் ஆட்டம்கூட வெல்லவிடாமல் கோப்பையை எடுத்தார். தளத்தின் நடுப்பகுதியை அடைத்து எதிராளியை வழிமறிக்கும் அவருடைய முறை பார்ப்பவர்களுக்கு அலுப்பூட்டுவது என்று இன்றும் திட்டுகிறார்கள்; எனக்கும் அந்த ஆட்டங்கள் பிடிப்பதில்லை. ஆனால் பெரிய பெயர் இல்லாத ஆட்டக்காரர்களுக்கும் ஒவ்வொருவர் எங்கே நிற்க வேண்டும் என்று ஐயமின்றிச் சொல்லத் தெரிந்த ஒருவரால்தான் அதை நடத்த முடியும்.

அதே மான்ட்ரியாலின் டோ பிளேக் இன்னொருவர். 1939இல் லீக்கின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருதைப் பெற்றவர். 1948 ஜனவரியில் கால் முறிந்து ஆட்டம் முடிந்தது. சிறிய லீக் அணிகளில் ஏழு ஆண்டு பயிற்சி கொடுத்துவிட்டு 1955இல் மான்ட்ரியாலுக்கு வந்தார். பதின்மூன்று பருவங்களில் எட்டுக் கோப்பைகள், அவற்றில் ஐந்து 1956 முதல் 1960 வரை தொடர்ச்சியாக. நட்சத்திரம் பயிற்சியாளராகத் தேறமாட்டார் என்ற உங்கள் வகுப்பின் விதி இவ்விருவரிடமே உடைந்துவிடுகிறது. தேறியவர்களிடம் பொதுவாகக் காணப்படுவது, கூட்டம் கவனிக்காத இடத்தில் சில ஆண்டுகள் பயிற்சியாளராகவே தவறு செய்து பழகியிருப்பதுதான்.

ஹெர்ப் புரூக்ஸ் கதையையும் கேளுங்கள். 1960 ஒலிம்பிக்குக்கான அமெரிக்க அணியில் கடைசியாகக் கழிக்கப்பட்டவர் அவர்; அந்த அணி தங்கம் வென்றது. பிறகு இரண்டு ஒலிம்பிக்குகளில் ஆடினார், பதக்கம் இல்லை. மினசோட்டா பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சியாளராகி மூன்று தேசியக் கல்லூரிப் பட்டங்களை வென்றபின், 1980இல் லேக் பிளாசிட் ஒலிம்பிக்குக்குக் கல்லூரி மாணவர்களை வைத்து ஓர் அணியைக் கட்டினார். முந்தைய நான்கு ஒலிம்பிக்குகளிலும் தங்கம் வென்றிருந்த சோவியத் அணியை பிப்ரவரி 22 அன்று அந்த மாணவர்கள் 4–3 என்று வென்று, அடுத்த ஆட்டத்தில் பின்லாந்தையும் வீழ்த்தித் தங்கம் எடுத்தார்கள். (அதே ஆண்டு மாஸ்கோவில் புல்தரை ஹாக்கியில் இந்தியாவுக்குத் தங்கம் பெற்றுத்தந்த அணித்தலைவர் நம் வாசுதேவன் பாஸ்கரன், அவரும் பின்னாளில் இந்திய அணிக்குப் பயிற்சியாளரானார்.)

பெரிய லீக்கில் ஆடாமலே சிறந்தவர்களும் உண்டு. இளையோர் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு ஆட்டத்தைக் கைவிட்ட ஸ்காட்டி போமன் ஒன்பது ஸ்டான்லி கோப்பைகளை வென்ற பயிற்சியாளர். டாம்பா அணியின் ஜான் கூப்பர் வழக்கறிஞராக இருந்தவர். அடுத்த விவாதத்தில் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மல்ஹோத்ராவுக்குக் கண்ணில் அடிபட்ட பிறகும் ஆடினார் என்று எழுதியிருந்தீர்கள். அவரை ஆடவிடாமல் அணியே நிறுத்தியதாகவும் ஒரு வரி இருந்தது. ஆட விரும்புகிறவரை நிறுத்துவது நியாயமா?
– செவிலியர், திருப்பத்தூர்

பதில்: 2011 மார்ச் 16 அன்று, கொலராடோவுக்கு எதிரான ஆட்டத்தில், தடம் மாறிவந்த பக் அவருடைய இடது கண்ணைத் தாக்கியது. அறுவைச் சிகிச்சைகள் நடந்தன; அந்தப் பருவம் அவருக்கு முடிந்துவிட்டது என்றே எல்லோரும் கருதினார்கள். ஆனால் ஜூன் 4 அன்று, ஸ்டான்லி கோப்பை இறுதிச் சுற்றின் இரண்டாம் ஆட்டத்தில், முகம் முழுவதையும் மறைக்கும் கவசத்தோடு அவர் தளத்தில் இறங்கியபோது வான்கூவர் அரங்கமே எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. அந்த இறுதிச் சுற்றை பாஸ்டனிடம் ஏழாவது ஆட்டத்தில் இழந்தார்கள்.

அடுத்த பருவத்தில் ஆடினார். அதற்கும் அடுத்த பருவத்தில், 2013 பிப்ரவரியில், ஒன்பது ஆட்டங்களே ஆடியிருந்த நிலையில், குறைந்துபோன பார்வை அவருக்கே ஆபத்து என்று சொல்லி அணி நிர்வாகம் அவரைக் காயப் பட்டியலில் வைத்துப் பருவம் முழுவதும் நிறுத்திவிட்டது. பக்கவாட்டில் இருந்து முழு வேகத்தில் வந்து மோதும் ஆளைக் கண் பிடிக்காவிட்டால் அடுத்த காயம் தலையில் விழும் என்பதே அவர்களுடைய அச்சம். மருத்துவ நோக்கில் இதைக் குறைசொல்ல முடியாது. ஆயினும் தம் உடலைப் பற்றிய முடிவு தம் கையை விட்டுப் போகும்போது ஆட்டக்காரருக்கு ஏற்படும் வலியும் மெய்யானது. அவர் அதை ஏற்காமல் மறுபருவமே வேறு அணிகளில் ஆடிக்காட்டினார். நான் நிர்வாகத்தின் பக்கம்தான் நிற்பேன், ஒரே ஒரு நிபந்தனையோடு: இத்தகைய முடிவை மருத்துவர் சொல்லக் கேட்டு, ஆட்டக்காரரிடம் நேரில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். உங்கள் பணியில் நோயாளியிடம் கெட்ட செய்தியைச் சொல்வது யார் பொறுப்பு என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

அன்று அந்த லீக்கில் கண் கவசம் கட்டாயமாக இல்லை. 2013–14 பருவம் முதல், 26 ஆட்டங்களுக்குக் குறைவாக ஆடியிருந்தவர்களுக்கும் புதிதாக வருபவர்களுக்கும் அது கட்டாயமாக்கப்பட்டது.

கேள்வி: ஆடித் தோற்பது இருபது பேர்; வேலை போவது பயிற்சியாளருக்கு. இது என்ன நீதி?
– ஜவுளிக்கடை உரிமையாளர், பள்ளத்தூர்

பதில்: நீதி இல்லை, வரவுசெலவு. 2005 முதல் என்.எச்.எல். அணிகளுக்கு ஆட்டக்காரர் சம்பளத்தில் உச்சவரம்பு உண்டு. ஒப்பந்தம் போட்ட ஆட்டக்காரரைக் கழித்துக்கட்டினாலும் அவர் சம்பளத்தின் சுமை அந்த வரம்புக்குள் தொடர்ந்து உட்கார்ந்திருக்கும். பயிற்சியாளர் சம்பளம் அந்த வரம்பில் சேராது. இருபது பேரை மாற்ற முடியாத முதலாளி, வரம்பைத் தொடாமல் மாற்றக்கூடிய ஒருவரை மாற்றுகிறார்.

சில வேளை அது பலிக்கவும் செய்கிறது. பிட்ஸ்பர்க் அணி 2009 பிப்ரவரியில் டேன் பைல்ஸ்மாவையும், 2015 டிசம்பரில் மைக் சல்லிவனையும் நடுப்பருவத்தில் கொண்டுவந்து, இருமுறையும் அந்தப் பருவத்திலேயே கோப்பை வென்றது. செயின்ட் லூயிஸ் 2018 நவம்பரில் கிரெய்க் பெருபேயை நியமித்தது. 2019 ஜனவரித் தொடக்கத்தில் லீக்கிலேயே கடைசி இடத்தில் இருந்த அணி ஜூன் மாதம் கோப்பையைத் தூக்கியது. இம்மூவரும் தங்கள் காலத்தில் கோலுக்குப் பேர்போனவர்கள் அல்லர் என்பதைக் கவனியுங்கள்: பைல்ஸ்மா 429 ஆட்டங்களில் 19 கோல், பெருபே தண்டனைப் பெட்டியில் கழித்த நேரம் மட்டும் 3,149 நிமிடங்கள். மூவருமே இரண்டாம் நிலை லீக்கில் தலைமைப் பயிற்சியாளர்களாக இருந்து வந்தவர்கள். ஆனால் கோப்பை வென்றது பெருபேக்கு நிரந்தரக் காப்பாக அமையவில்லை. 2023 டிசம்பரில் அதே செயின்ட் லூயிஸ் அவரை நீக்கியது. 2024இல் டொரன்டோ எடுத்துக்கொண்டது.

கேள்வி: எங்கள் பள்ளியில் புல்தரை ஹாக்கி அணி இருக்கிறது. ஐஸ் ஹாக்கி நமக்கு எட்டாது. மல்ஹோத்ரா போன்றவர் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்வதால் நடைமுறையில் என்ன பயன்?
– உடற்கல்வி ஆசிரியர், காரைக்குடி வட்டாரம்

பதில்: எட்டாது என்பது காரைக்குடிக்குப் பொருந்தும், நாட்டுக்குப் பொருந்தாது. லடாக்கில் குளம் உறைந்து கிடக்கும் இரண்டு மூன்று மாதங்களை நம்பியே வளர்ந்த இந்திய மகளிர் அணி, 2025இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐனில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்றது. 2011இல் கட்டப்பட்டு நெடுங்காலம் மூடிக்கிடந்த டேராடூன் உள்ளரங்கப் பனித்தளம் 2025இல் மீண்டும் திறக்கப்பட்டிருக்கிறது.

பயன் எது என்று கேட்டீர்கள். உங்கள் அணியில் இருக்கும் பதினைந்து இருபது பிள்ளைகளில் மாநில அணி வரை போகிறவர் ஒருவரோ இருவரோதான். மற்றவர்கள் பிளஸ் டூவோடு மட்டையை வைத்துவிடுகிறார்கள். அவர்களில், தான் கோல் அடிக்காவிட்டாலும் பெனால்டி கார்னரில் எதிரணி எப்படி நிற்கிறது என்று உங்களிடம் வந்து சொல்லும் ஒரு பிள்ளை கட்டாயம் இருக்கும். அந்தப் பிள்ளையை இப்போதே ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்புச் சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுக்க உங்கள் உதவியாளாக வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் யோசனை. 2025 இறுதியில் சென்னையிலும் மதுரையிலும் நடந்த ஜூனியர் உலகக் கோப்பைக்கு உங்கள் பிள்ளைகளை அழைத்துச் சென்றிருந்தால், வெண்கலம் வென்ற இந்திய அணியின் பெஞ்சில் பயிற்சியாளராக இருந்தவர் பி.ஆர். ஸ்ரீஜேஷ் என்பதைப் பார்த்திருப்பார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கோல்கீப்பராக வெண்கலம் வென்று ஓய்வுபெற்ற கையோடு இளையோர் அணியை ஏற்றுக்கொண்டவர் அவர்.

படிப்பு வழியும் உண்டு. உடற்கல்விப் பட்டத்துக்கு அழகப்பா பல்கலைக்கழகத்தின் உடற்கல்வியியல் கல்லூரி உங்கள் வாசலிலேயே இருக்கிறது. பயிற்சியாளர் பட்டயத்துக்கு, 1961இல் தொடங்கப்பட்ட பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் படிப்பில் ஹாக்கியும் ஒரு பிரிவு. அதில் சேர ஆட்டக்காரராகப் பங்கேற்ற சான்றிதழ்கள் மதிக்கப்படுவதால், மாவட்டப் போட்டிச் சான்றிதழைக்கூடப் பிள்ளைகள் தொலைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். சேர்க்கை அறிவிப்பு வெளிவரும்போது அதன் விவரத்தை இப்பக்கத்திலேயே வெளியிடுகிறோம்.